நம் சட்டமன்ற உறுப்பினர் நமக்குச் சொன்னதும் சொல்லாததும்

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 19, புதன்கிழமை. கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிட மக்களுக்கும் பட்டியல் இனத்தவருக்குரிய உரிமைகள் வழங்கப்பட வேண்டும் என்று மத்திய அரசை வலியுறுத்தும் தனித் தீர்மானம் அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முன்மொழிய, பாரதிய ஜனதா உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். பல பத்தாண்டுகளாக நாம் மன்றாடியும் போராடியும் வந்த ஒரு கோரிக்கை அது. அன்று மாலையே நம் கைப்பேசிகளுக்குச் செய்தி வந்துவிட்டது. தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் படம் ஒருபுறம், தலைவரின் படம் மறுபுறம், நடுவில் வாழ்த்து வாசகம். ஞாயிறு திருப்பலியில் நாமும் அறிவிப்பு நேரத்தில் நன்றி சொன்னோம். மக்கள் கைதட்டினார்கள்.

திருப்பலி முடிந்து ஆடைகளைக் களைவதற்குள் ஒரு தாய் சக்ரீஸ்துக்கு வந்துவிட்டார். மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தான். "சாமி, இப்போ பையனுக்குச் சாதிச் சான்றிதழை மாத்திக்கலாமா? தாலுகா ஆபீசுக்கு நாளைக்கே போகட்டுமா?" என்று கேட்டார். போக வேண்டாம் என்று விளக்க வேண்டியதாயிற்று. தீர்மானம் வேறு, சட்டம் வேறு. யார் யார் பட்டியல் இனத்தவர் என்பதை 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வரையறுக்கிறது. அதில் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டபோது நாடாளுமன்றம்தான் சேர்த்தது. நம் சட்டமன்றம் கேட்கலாம், வலியுறுத்தலாம், கொடுக்க முடியாது. அந்த அம்மா சற்று நேரம் நின்றார். "அப்போ எதுக்கு சாமி எல்லாரும் கைதட்டினோம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தீர்மானத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது வேண்டிய தீர்மானம், வரவேற்க வேண்டியதும்கூட. ஆனால் நம் பிரதிநிதி அதை நமக்குச் சொன்ன விதத்தில் பாதியே இருந்தது. மகிழ்ச்சி வந்து சேர்ந்தது, விவரம் வரவில்லை. விவரத்தைச் சொல்லியிருக்க வேண்டிய நாமும் சொல்லவில்லை.

அதே வாரத்தில் வெள்ளிக்கிழமை, அதாவது ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். கடைசி நாளில் மசோதாக்கள் வரிசையாக நிறைவேறுவது நம் சட்டமன்றத்தில் வாடிக்கைதான். அன்று நிறைவேறியவற்றுள் இரண்டைப் பற்றி இங்கே பேச வேண்டியுள்ளது.

ஒன்று, தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான திருத்தம். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் 48 மணி, வார விடுப்பு, இடையே ஓய்வு, மிகுதி நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்த வரம்புகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்களிக்க அரசுக்கு அந்தத் திருத்தம் அதிகாரம் தந்தது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, நான்கு நாள் வேலை செய்து மூன்று நாள் விடுப்பு எடுக்க விரும்புவோருக்கே இது என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே அதை ஏற்காமல் அவையிலிருந்து வெளியேறின.

மற்றொன்று, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது ஏறத்தாழ 250 ஏக்கருக்கு மேற்பட்ட திட்டப் பகுதிக்குள் ஏரியோ குளமோ ஓடையோ வாய்க்காலோ அடங்கியிருந்தால், அதைச் சிறப்புத் திட்டமாக அறிவித்து நிலங்களை ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. நிபுணர் குழு ஆராயும், நீர்நிலைக்குப் பாதுகாப்பு உண்டு என்பது அரசின் விளக்கம். நீர்நிலைகளைப் பெருந்திட்டங்களுக்கு விட்டுக்கொடுக்கும் கதவு இது என்று விவசாய அமைப்புகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் கூறின. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022 முதல் கிராம சபைகளில் தீர்மானம் போட்டுவந்த ஏகனாபுரம் போன்ற ஊர்களின் கவலையோடு இதையும் சேர்த்துப் பேசினார்கள். எந்தத் தரப்பு சரி என்று ஆராய்வது இப்போது நம் நோக்கமல்ல. ஓர் ஏரியின் தலையெழுத்தை மாற்றக்கூடிய அந்த மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

இனி இரண்டுக்கும் என்ன நேர்ந்தது என்று பாருங்கள். பன்னிரண்டு மணி நேரச் செய்தி மறுநாளே எல்லா நாளிதழ்களிலும் வந்தது. தொழிற்சங்கங்கள் எழுந்தன. திங்கட்கிழமை, ஏப்ரல் 24, சங்கங்களுடன் பேசிய பின் சட்டத்தை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவித்தார். பத்தே நாள்! நில ஒருங்கிணைப்புச் சட்டமோ அவ்வாண்டு ஆகஸ்டில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. முதல் சட்டம் தொழிலாளியின் உடம்பைத் தொட்டது. அவருக்குச் சங்கம் இருந்தது, சங்கம் சொன்னது. இரண்டாவது ஏரியைத் தொட்டது. ஏரிக்குச் சங்கம் இல்லை. ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் நம் கிளைப் பங்குகளின் மக்களுக்கு அதைச் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை அவர் அவையில் இருந்திருக்க வேண்டியவர். நாம் வாக்களித்து அனுப்பியவர்.

நம்மையும் இங்கே தப்பவிடக் கூடாது. ஏப்ரல் 23, பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்றைய நற்செய்தி எம்மாவு நோக்கி நடந்த சீடர்கள் இருவரைப் பற்றியது. வழியில் சேர்ந்துகொண்டவரைப் பார்த்து, நகரில் இந்த நாள்களில் நடந்தது தெரியாதவர் நீர் ஒருவர்தானா என்று அவர்கள் வியந்து கேட்கும் பகுதி. அதை வைத்து மறையுரை ஆற்றினோம். கோவில் முற்றத்தில் நின்ற இளைஞர்களில் பாதிப் பேர் ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனிப் பேருந்தில் போய்வருபவர்கள். இரவு ஷிப்ட் முடித்து நேரே திருப்பலிக்கு வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய வேலை நேரத்தை மாற்றும் சட்டம் இரண்டு நாள்களுக்கு முன் நிறைவேறியிருந்தது. மறையுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அறிவிப்பிலும் இல்லை. நன்றி அறிவிப்பு மட்டும் இருந்தது. நிலச் சட்டம் என்ற ஒன்று இருப்பதே ஆகஸ்டில் செய்தித்தாளைப் பார்த்துத்தான் நமக்குத் தெரிந்தது.

சட்டம் நமக்குப் புரியாத ஒன்று, அதனால் பேசவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. 2002-ஐ நினைத்துப் பார்ப்போம். அந்த ஆண்டு அக்டோபர் 5 அன்று கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. அம்மாத இறுதியில் அது சட்டமன்றத்தில் சட்டமாகவே நிறைவேறியது. மதமாற்றச் சடங்கு நடத்துபவர் மாவட்ட நிருவாகத்துக்குத் தகவல் தர வேண்டும், கட்டாயப்படுத்தி மதம் மாற்றினால் மூன்று ஆண்டுவரை சிறை, பெண்கள், சிறுவர், பட்டியல் இனத்தவர் என்றால் நான்கு ஆண்டுவரை என்றெல்லாம் இருந்த பிரிவுகளை அப்போது நம் பங்குகளில் அறியாதவர் யார்? அன்று குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நாம், நகலெடுத்த தாள்களோடு கிளைப் பங்குகளுக்கு மிதிவண்டியில் போய், பிரிவு பிரிவாக வாசித்து விளக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. எழுத்தறியாத பாட்டிமார்கூடச் சரியான கேள்வி கேட்டார்கள். 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அச்சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். நம் மேல் பாய்ந்த சட்டத்தை நம்மால் ஒரு மாதத்தில் மனப்பாடமாக அறிந்துகொள்ள முடிந்தது. அடுத்தவர் மேல், அல்லது நம்மையே தொழிலாளி என்றும் உழவன் என்றும் பார்த்துப் பாய்வதை அறிந்துகொள்ள நமக்கு நேரமில்லை.

சட்டமன்ற உறுப்பினருக்கு வருவோம். அவர் நம்மிடம் வராமல் இல்லை. திருமணத்துக்கு வருகிறார், காதணி விழாவுக்கு வருகிறார், இழவு வீட்டுக்கு முதல் ஆளாக மாலையோடு வருகிறார். பங்குத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு வந்தால் முன்வரிசையில் நாற்காலி போட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம். அவரும் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், கெபி வரைக்கும் சிமென்ட் சாலை, ஓர் உயர்கோபுர மின்விளக்கு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார். தொகுதி மேம்பாட்டு நிதியில் அது வந்தால் அதன் நெற்றியில் அவர் பெயரைப் பொறிக்கிறோம். மனுவை நீட்டுவது நாம், வாங்கிக்கொள்வது அவர். இத்தனை ஆண்டுகளில் ஒரு திருவிழா மேடையிலாவது, போன கூட்டத்தொடரில் என்னென்ன மசோதா வந்தது, நீங்கள் எதில் பேசினீர்கள் என்று நாம் கேட்டதுண்டா? கேட்டால் மரியாதைக் குறைவு ஆகிவிடுமோ என்று பங்குப் பேரவையில் ஒருவர் தயங்கியது நினைவுக்கு வருகிறது. சுவர் கேட்பது மரியாதை, சட்டம் கேட்பது மரியாதைக் குறைவு!

சட்டமன்ற உறுப்பினரின் முதல் வேலை சட்டம் இயற்றுவது. சாலையும் சாக்கடையும் உள்ளாட்சிகளின் பொறுப்பில் பெரிதும் அடங்கியவை. ஆனால் முதல் வேலையைப் பற்றி அவர் சொல்வதில்லை, இரண்டாவதைப் பற்றியே சொல்கிறார். காரணம் எளிது. சாலைக்கு வாக்கு விழும் என்று அவர் நினைக்கிறார். நாம் அவரை அப்படி நினைக்க வைத்திருக்கிறோம்.

அவர் சொல்லாவிட்டால் வேறு வழியில் தெரிந்துகொள்ள முடியாதா என்று கேட்கலாம். மசோதாக்களும் அவைக் குறிப்புகளும் அச்சிடப்படுகின்றன, சட்டமன்ற இணையதளத்திலும் கிடைக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்திய மாநிலங்களிலேயே முதன்முதலில் 1997-இல் இயற்றப்பட்டது தமிழகத்தில்தான். நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இல் வந்தது. கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையாக ஒளிபரப்பாகத் தொடங்கியது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் மசோதாக்கள் நிறைவேறுவது கேள்வி நேரத்தில் அல்ல. மேலும் நம் அவையில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். ஆதரிப்போர் "ஆம்" என்கிறார்கள், எதிர்ப்போர் "இல்லை" என்கிறார்கள், பேரவைத் தலைவர் காதால் கேட்டு நிறைவேறியதாக அறிவிக்கிறார். யார் "ஆம்" என்றார், யார் வாய் திறக்கவில்லை, யார் அந்நேரம் அவையிலேயே இல்லை என்பதற்குப் பெயர்வாரியான பதிவு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே உங்கள் உறுப்பினர் அந்தச் சட்டத்துக்கு என்ன செய்தார் என்பதை அவரே சொன்னால்தான் உண்டு.

2017 பிப்ரவரியில் மட்டும் நிலைமை வேறாக இருந்தது. பெரும்பான்மையை நிரூபிக்கும் வாக்கெடுப்பில் 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு என்று தலைகளை எண்ணினார்கள். அதற்கு முந்தைய நாள்களில் வாக்காளர்கள் தங்கள் உறுப்பினர்களின் தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடித்து, யாருக்கு ஆதரவு தரப் போகிறீர்கள் என்று துளைத்தெடுத்தார்கள். சிலர் கைப்பேசியை அணைத்தே வைத்திருந்தார்கள் என்று கேள்வி. யார் முதலமைச்சர் என்பதற்கு அவ்வளவு துடித்த நாம், நம் பிள்ளைகளின் வேலை நேரம் எவ்வளவு என்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பும் செய்யவில்லை.

இதற்கு உறுப்பினர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதை நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். "ஃபாதர், கொறடா உத்தரவு போட்டால் நான் என்ன செய்ய முடியும்?" என்பார்கள். உண்மைதான். 1985-இல் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணையாகச் சேர்க்கப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவியே போகலாம். விலைக்கு வாங்கப்படும் உறுப்பினர்களைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டம், மனச்சாட்சியோடு வாக்களிக்க நினைப்பவரின் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது. ஆனால் அந்த அட்டவணை கையைத்தான் கட்டுகிறது. வந்திருக்கும் மசோதா இது, நம் தொகுதியில் இன்ன ஏரியை இது தொடலாம், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று ஊரில் சொல்ல எந்தக் கொறடாவும் தடை விதிப்பதில்லை. கட்சிக் கூட்டத்தில் தொகுதியின் கருத்தை எடுத்துச் சொல்லவும் தடையில்லை. வாக்கு கட்சிக்குச் சொந்தமாகிப் போன இடத்தில், தகவல் ஒன்றுதான் அவர் நமக்குத் தரக்கூடியதாக மிஞ்சியிருக்கிறது. அதையும் தராவிட்டால், 2021 கணக்கில் தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் சேர்ந்து ஒருவரைக் கோட்டைக்கு அனுப்புவது எதற்கு?

அவர் தகவல் தருவது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் அல்ல. ஒவ்வொரு மசோதாவின் இறுதியிலும் நோக்கக் காரண விளக்கவுரை என்று ஒன்று இருக்கும். இந்தச் சட்டம் ஏன், எதற்கு என்று அரசே சுருக்கமாகச் சொல்லும் பகுதி. சட்டத் தமிழ் கரடுமுரடானதுதான், என்றாலும் பத்தாம் வகுப்புப் படித்த ஒருவர் இரண்டு முறை வாசித்தால் பிடிபட்டுவிடும். கூட்டத்தொடர் முடிந்ததும் அந்தப் பக்கங்களை நகலெடுத்து, தொகுதிதோறும் அரசு கட்டித்தந்த சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தின் வாசலில் ஒட்டலாம். "இவற்றில் நான் இன்னதில் பேசினேன், இன்னதில் பேசவில்லை" என்று ஒரு வரி சேர்க்கலாம். ஆண்டில் ஆறு கிராம சபைகள் என்று 2022-இல் ஆக்கியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்காவது வந்து உட்காரலாம். மேடையில் அல்ல, சமுக்காளத்தில்.

இதே 2022 ஆகஸ்டில், தொகுதியின் மிக முக்கியமான பத்துக் கோரிக்கைகளை எழுதித் தருமாறு 234 உறுப்பினர்களையும் முதலமைச்சர் கேட்டுக்கொண்டார். கட்சி வேறுபாடின்றி எல்லாரும் மாவட்ட ஆட்சியரிடம் பட்டியல் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். நம் தொகுதியின் அந்தப் பத்து எவை? நம் பங்கின் அன்பியக் கூட்டங்களில் கேட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அனுப்பும் முன் யாரிடமும் கேட்கவுமில்லை, அனுப்பிய பின் யாரிடமும் சொல்லவுமில்லை. நமக்காக நாமறியாமல் நாம் வைத்த கோரிக்கைகள்!

குருக்கள் இதையெல்லாம் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பதும் தெரியும். கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம், அதை நாம் மீறவில்லை. எந்தக் கட்சிக்கு வாக்களியுங்கள் என்று சொல்வது வேறு, உங்கள் ஏரியைப் பற்றி ஒரு சட்டம் வந்திருக்கிறது என்று சொல்வது வேறு. தொழிலாளரின் வேலை நேரமும் ஓய்வும் பற்றி 1891-லேயே திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ சுற்றுமடல் எழுதிவிட்டார். நாம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டத் தயங்குகிறோம்.

நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைப் பற்றி அறிந்த பின், நம் பங்கின் அன்பியப் பொறுப்பாளர்கள் ஆறு பேர் உட்கார்ந்து சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வாசகத்தைச் சீர்செய்தார். மூன்று கேள்விகள்தான். இந்தச் சட்டம் நம் தொகுதியின் எந்த ஏரிகளைத் தொட வாய்ப்புள்ளது? ஏப்ரல் 21 அன்று அது நிறைவேறியபோது தாங்கள் அவையில் இருந்தீர்களா? அடுத்த கூட்டத்தொடருக்கு முன் எங்கள் ஊரில் ஒரு மாலை வந்து பேச இயலுமா?

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. முத்திரைத்தாள் போல் தடித்த தாள், கீழே கையொப்பம். தங்கள் ஆலயத்துக்குச் சமுதாயக் கூடம் வேண்டும் என்ற கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று அதில் இருந்தது. நாம் சமுதாயக் கூடம் கேட்கவே இல்லை. பங்குப் பேரவையில் அதை வாசித்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், தருவதை ஏன் வேண்டாம் என்பது, கூடம் வரட்டுமே என்றார். தமிழாசிரியர் ஒன்றும் சொல்லாமல் கடிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு போனார். மறு ஞாயிறு அதே மூன்று கேள்விகளை மறுபடியும் எழுதி எடுத்து வந்தார். இம்முறை சட்டத்தின் பெயரையும் நாளையும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார். கீழே கையெழுத்திட ஆறு பேருக்குப் பதில் நாற்பத்தோரு பேர் வரிசையில் நின்றார்கள். ஏப்ரலில் சான்றிதழ் கேட்டு வந்த அந்தத் தாயும் அதில் இருந்தார்.